இலை செழிக்குது, பூ வரவில்லை: மட்டக்களப்பு வெக்கையில் ஓர்கிட் எப்படிப் பூக்கும்?

கல்லடியில் இருக்கும் ஒரு தங்கச்சியின் கேள்வி இது. இரண்டு வருசத்துக்கு முன் கண்டிக்குப் போனபோது, பூவோடு இருந்த இரண்டு சாடி ஓர்கிட்டை வாங்கி வந்திருக்கிறார். ஒன்றில் அகலமான இலையும் வெள்ளைப் பூவும். மற்றதில் கணுக்கணுவான தண்டும் ஊதாப் பூவும். இரண்டையும் விறாந்தையில் வைத்திருக்கிறார். அந்தப் பூக்கள் உதிர்ந்த பிறகு இரண்டும் பூக்கவே இல்லை. இலையெல்லாம் நல்ல கடும் பச்சையாகச் செழிப்பாக இருக்குது. ஊதாப் பூ மரத்தில் பூ வரவேண்டிய கணுவில் குட்டிச் செடி முளைக்குது. ஒரு காயும் பிடித்திருக்குது. "என்ன பசளை போட்டால் பூக்கும்?" என்று கேட்கிறார்.

பசளையைக் கடைசியில் பார்ப்போம். உங்கள் இரண்டு சாடியிலும் பசளை ஒரு பிரச்சினையே இல்லை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் வெள்ளைப் பூ பெலனொப்சிஸ், ஊதாப் பூ டென்ட்ரோபியம். பெலனொப்சிஸ் பூக்காததற்குக் காரணம் எங்கள் ஊர் வெக்கை. டென்ட்ரோபியம் பூக்காததற்குக் காரணம் உங்கள் வீட்டு நிழல். ஒன்றுக்குச் செய்வது மற்றதற்கு உதவாது. கடும் பச்சை இலையைப் பார்த்துச் சந்தோசப்படுகிறீர்கள். ஓர்கிட்டில் அது வெளிச்சம் போதவில்லை என்பதற்கான அடையாளம். நன்றாகப் பூக்கிற டென்ட்ரோபியத்தின் இலை கொஞ்சம் மஞ்சள் ஓடிய இளம் பச்சையாகத்தான் இருக்கும். பார்க்க அவ்வளவு வடிவாக இராது.

இவை என்ன மாதிரியான செடிகள் என்று முதலில் விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் லேசு. கடைகளில் விற்கும் ஓர்கிட்டில் பெரும்பாலானவை மரத்தில் தொற்றி வாழ்கிற வகைகளில் இருந்து வந்தவை. புல்லுருவிபோல் மரத்தின் சாற்றை அவை உறிஞ்சுவதில்லை. மரம் அவற்றுக்கு நிற்க ஓர் இடம், அவ்வளவுதான். சாப்பாடு வெளிச்சத்தில் இருந்தும், தண்ணீர் மழையிலும் பனியிலும் இருந்தும், உப்புச் சத்துகள் பட்டையில் வழிந்து வருகிற தண்ணீரில் இருந்தும் கிடைக்கும். மழை ஓய்ந்து ஒரு மணித்தியாலத்தில் வேர் காய்ந்துவிடும். திரும்ப நனையும், திரும்பக் காயும். இந்த நனைதலும் காய்தலும்தான் அதன் வாழ்க்கை. மண்ணில் புதைத்து வைத்தால் மூச்சு முட்டிச் சாகும்.

வேரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வெளியே தொங்குகிற வேர் காய்ந்திருக்கும்போது வெள்ளியாக, சாம்பல் பூசியதாக இருக்கும். அதன்மேல் ஒரு கரண்டி தண்ணீர் விடுங்கள், கண் முன்னாலேயே பச்சையாக மாறும். வெளியே இருப்பது உயிரில்லாத கலங்களால் ஆன ஒரு பஞ்சு உறை. காய்ந்தபோது அதில் காற்று நிறைந்திருப்பதால் வெள்ளை தெரியுது. தண்ணீர் ஏறியதும் உள்ளே இருக்கும் பச்சை தெரியுது. அந்தப் பச்சை உண்மையான பச்சையம்தான், வேரும் வெளிச்சத்தில் சாப்பாடு செய்யும். இதைவிட நல்ல நீர்மானி கடையில் கிடையாது. வேர் வெள்ளையானால் தண்ணீர் விடலாம், பச்சையாக இருந்தால் விடவேண்டாம். சாடிக்குள் இருக்கும் வேர் செத்துவிட்டதா என்று பார்க்க விரலால் மெதுவாகப் பிடித்து இழுங்கள். நல்ல வேர் கெட்டியாக இருக்கும். அழுகிய வேரில் உறை கழன்று கையோடு வரும், நடுவில் ஒரு நூல் மட்டும் மிஞ்சும்.

வளர்கிற விதத்தில் ஓர்கிட் இரண்டு சாதி. பெலனொப்சிஸ், வன்டா, மொக்காரா எல்லாம் ஒரே தண்டாக மேல்நோக்கி வளரும். உச்சியில் இலை விட்டுக்கொண்டே போகும், பூக்கம்பு இலையின் இடுக்கில் இருந்து வரும். டென்ட்ரோபியம், கட்லியா, ஒன்சிடியம் எல்லாம் பக்கவாட்டில் நகரும். பழைய தண்டின் அடியில் இருந்து புதுத் தண்டு, அதன் அடியில் இருந்து அடுத்தது.

டென்ட்ரோபியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் பயமில்லாமல் வளர்க்கக்கூடிய ஓர்கிட் என்றால் என் கணக்கில் அதுதான் முதலாவது. சந்தையில் வரும் ஊதா, வெள்ளை டென்ட்ரோபியத்தின் முன்னோர் வட அவுஸ்திரேலியா, நியூகினிப் பக்கத்து வெக்கை நிலத்தைச் சேர்ந்தவை. எங்கள் கோடை அதற்குப் புதிது இல்லை. அடியில் முளை விட்டதும் தண்டு பல மாதம் வளரும். ஒரு கட்டத்தில் உச்சியில் கடைசி இலை விரிந்து, அதற்குமேல் இலை வராமல் நிற்கும். தண்டு முற்றிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பூக்கம்பு அதன் பிறகுதான், உச்சியை ஒட்டிய கணுக்களில் இருந்து வரும். முற்றாத தண்டில் எதை ஊற்றினாலும் பூ வராது.

இங்கே எல்லாரும் செய்கிற ஒரு வேலை, இலை உதிர்ந்த பழைய தண்டை "பட்டுப்போச்சு" என்று வெட்டி எறிவது. அது பட்டுப்போகவில்லை. பெரும்போக நெல்லைப் பட்டறையில் போட்டு வைத்துக் கோடையில் எடுத்துச் சாப்பிடுவதுபோல், செடி தன் தண்ணீரையும் மாச்சத்தையும் அந்தத் தண்டில்தான் சேர்த்து வைத்திருக்குது. புதுத் தண்டுக்கு அங்கிருந்துதான் போகும். போதாததற்கு, இலையில்லாத பழைய தண்டே அடுத்த வருசமும் அதற்கடுத்த வருசமும் பூக்கலாம். தண்டு முழுக்கச் சுருங்கிப் பழுப்பாகும்வரை அதில் கத்தி வைக்காதீர்கள்.

சரி, வெளிச்சம். உங்கள் சாடிகள் விறாந்தையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு வாசிக்கப் போதுமான வெளிச்சம் டென்ட்ரோபியத்துக்கு இருட்டு. அதற்குப் பாதி வெயில் வேண்டும். நூற்றுக்கு 50 வீதம் வெயிலை மறைக்கிற கறுப்பு வலை சரி. வலை கட்ட முடியாவிட்டால் தென்னைக்குக் கீழே தொங்க விடுங்கள், ஓலை அசைய அசைய வெயில் வந்து போகும். மாமரத்துக்குக் கீழே வேண்டாம், நிழல் அதிகம். பெலனொப்சிஸுக்கு அதைவிடக் குறைந்த வெளிச்சம், 70 வீதம் மறைத்தாலும் போதும். வன்டாவும் மொக்காராவும் இன்னும் கூட வெயில் கேட்கும். விறாந்தையில் இருந்ததை ஒரே நாளில் வெயிலுக்குத் தூக்கினால் இலை வெந்து வெள்ளையாகி, பிறகு கறுத்துவிடும். முதலில் காலை வெயில் மட்டும், அப்புறம் இரண்டு மூன்று கிழமையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மத்தியானம் இலையைத் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். கைக்குச் சுட்டால் வெயில் கூடிவிட்டது.

இன்னொன்று. மட்டக்களப்பில் சித்திரைப் புதுவருசத்துக்குச் சில நாள் முன்பும், செப்டெம்பர் தொடக்கத்திலும் மத்தியானச் சூரியன் நேரே உச்சிக்கு வரும். ஜனவரியில் வடக்குச் சுவர் ஓரமாக நிழலில் இருந்த சாடிக்கு, மே, ஜூனில் அதே இடத்தில் வெயில் விழும். ஒரு இடத்தில் வைத்தால் வருசம் பூராவும் அங்கேயே இருக்கலாம் என்று நினைக்காதீர்கள். சூரியன் பக்கம் மாறும்போது சாடியையும் மாற்ற வேண்டும்.

முற்றின தண்டும் வெளிச்சமும் இருந்தாலும் சில ஓர்கிட்டுகள் "இப்போது பூ" என்று ஒரு சைகை வரும்வரை காத்திருக்கும். இதை ஆகத் தெளிவாகக் காட்டுவது புறா ஓர்கிட் என்று சொல்லப்படும் சின்ன வெள்ளைப் பூ டென்ட்ரோபியம். அதன் மொட்டு ஓரளவு வளர்ந்து அப்படியே உறங்கிவிடும். வெக்கையான நாளில் திடீரென்று பெருமழை பெய்து, வெப்பம் 5 பாகை செல்சியஸ் அளவுக்குச் சடாரென்று இறங்கினால் உறக்கம் கலையும். ஒன்பது நாளை ஒட்டி, அந்த வட்டாரத்தில் இருக்கும் அத்தனை செடியும் ஒரே காலையில் பூக்கும். பூ ஒரு நாள்தான் நிற்கும். எல்லாம் ஒரே நாளில் பூத்தால்தானே தேனீ ஒரு செடியில் இருந்து மற்றச் செடிக்கு மகரந்தம் கொண்டுபோகும்? ஒருவர் வளவில் ஒன்று பூத்திருந்தால் பக்கத்து ஒழுங்கையிலும் பூத்திருக்கும். கோடை முடிந்து வருகிற முதல் இடிமழையைக் குறித்து வைத்து எண்ணிப் பாருங்கள்.

பெலனொப்சிஸ் காத்திருப்பதும் குளிருக்குத்தான், ஆனால் ஒரு மழைக் குளிர் அதற்குப் போதாது. பகல் வெப்பம் 26 பாகைக்குக் கீழே, தொடர்ந்து சில கிழமைகள் நிற்க வேண்டும். 28, 29 பாகையில் வைத்தால் வருசக்கணக்காக இலைமேல் இலையாக விட்டுக்கொண்டே இருக்கும், பூக்கம்பு வராது. உங்கள் செடி செய்வது அதைத்தான், அதில் நோய் ஒன்றும் இல்லை. கண்டி கடல் மட்டத்தில் இருந்து கிட்டத்தட்ட 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். மலைநாட்டில் உயரம் கூடக் கூட அந்தக் குளிர் லேசாகக் கிடைக்குது. மட்டக்களப்பில் கிட்டத்தட்ட கிடைப்பது மார்கழி, தை மாதத்து மழைமூட்ட நாட்களில் மட்டும்தான். "இரவில் ஏசி அறைக்குள் வைக்கிறேன்" என்று சிலர் சொல்வார்கள். வேலை செய்யாது. இந்தச் செடி கணக்கு எடுப்பது பகல் வெப்பத்தை. இரவைக் குளிராக்கிப் பகலில் திரும்ப 30 பாகையில் வைத்தால் பலன் இல்லை.

ஆகவே வெள்ளைப் பூச் செடிக்கு நீங்கள் செய்யக்கூடியது கார்த்திகை பிறந்ததும் வீட்டின் ஆகக் குளிர்ந்த, ஆனால் வெளிச்சமான, காற்றோட்டமான இடத்துக்கு அதை மாற்றுவது. மாசியை ஒட்டிக் கம்பு வந்தால் வந்தது. வராவிட்டால் அதை இலைச் செடியாக வைத்திருங்கள், அல்லது மலைநாட்டில் சொந்தக்காரர் இருந்தால் கொடுத்துவிடுங்கள். பெரிய வெள்ளைப் பெலனொப்சிஸை எங்கள் கரையோரத்தில் வருசா வருசம் பூக்க வைப்பதற்கு மினக்கெடுவது வீண் வேலை என்பதே என் எண்ணம். பூவோடு வாங்கினால் இரண்டு மூன்று மாதம் பூ நிற்கும், அந்த விலைக்கு அது நட்டமில்லை. கட்டாயம் பெலனொப்சிஸ்தான் வேண்டும் என்றால் சின்ன ஊதாப் பூ நிமிர்ந்த கம்பில் வருகிற டொரிட்டிஸ் என்ற இனத்தின் வழி வந்தவற்றைத் தேடுங்கள். அவை வெக்கையிலும் பூக்கும்.

பூக்கம்பு வந்த பிறகும் மொட்டு விரியாமல் மஞ்சளாகி உதிர்வது இங்கே அடிக்கடி நடக்கும். வைகாசியில் இருந்து ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும்போது இதைக் கூடுதலாகப் பார்க்கலாம். அந்தக் காற்று மேற்கே மழையைக் கொட்டிவிட்டு எங்களிடம் காய்ந்து வருது. மொட்டில் இருக்கும் ஈரம் இழுபட்டுப் போகும். கம்பு விட்ட சாடியை மேற்குக் காற்று நேரே அடிக்காத பக்கம் வையுங்கள், கீழே மணலில் காலையும் பின்நேரமும் தண்ணீர் தெளியுங்கள். அப்புறம், வாழைக்குலை பழுக்கப் போட்ட அறையில் பூத்த ஓர்கிட்டை வைக்கவே கூடாது. பழுக்கிற பழம் எதிலீன் என்ற வாயுவை விடும். அது பட்டால் மொட்டு உதிரும், விரிந்த பூ இரண்டு நாளில் சுருங்கும். மகரந்தம் சேர்ந்ததும் ஓர்கிட் பூ சட்டென்று வாடுவதும் இதே எதிலீனால்தான், அந்த நேரம் பூவே அதை உண்டாக்குது. பூச்சி வராதவரை பூ மாதக்கணக்கில் நிற்பதற்கும், வந்து போன மறுநாளே தொய்வதற்கும் அதுதான் காரணம்.

தண்ணீர் விசயத்தில் கல்லடி, ஆரையம்பதி, காத்தான்குடிப் பக்கம் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கிணற்றுத் தண்ணீரில் சில இடங்களில் உவர்ப்பு இருக்கும். நாங்கள் குடிக்கும்போது தெரியாத உவர்ப்பு ஓர்கிட் வேருக்குத் தெரியும், வேர் நுனி கறுத்துப் போகும். சாடியின் விளிம்பிலும் கரித் துண்டுகளிலும் வெள்ளைப் பொடி படிந்தால் உப்புச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். மழைத் தண்ணீர்தான் ஆகச் சிறந்தது, மாரியில் ஒரு தாங்கி நிறையப் பிடித்து வைத்தால் நீண்ட நாளுக்கு வரும். பிடிக்கும்போது நுளம்பு போகாமல் வலை கட்டுங்கள், இல்லாவிட்டால் டெங்கு. குழாய்த் தண்ணீர் என்றால் ஓர் இரவு திறந்து வைத்துவிட்டு விடலாம். கடற்காற்று நேரே அடிக்கிற வீட்டில் இலையில் படியும் உப்பையும் கிழமைக்கு ஒருதரம் கழுவிவிடுங்கள்.

சாடிக்குள் போட விலை கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை. அடுப்புக்கரி, உடைந்த ஓட்டுத் துண்டு, தேங்காய்ப் பொச்சுத் துண்டு மூன்றும் போதும். பொச்சை நல்ல தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு, நிறம் இறங்குவது நிற்கும்வரை தண்ணீரை மாற்றி எடுக்க வேண்டும். கயிறு திரிக்க வாவியில் ஊறப்போட்ட பொச்சை மட்டும் எடுக்காதீர்கள், அது முழுக்க உப்பு. இரண்டு வருசத்தில் பொச்சு உக்கி நீரைப் பிடித்து வைக்கத் தொடங்கும். உங்கள் சாடிகளை மாற்றும் நேரம் வந்துவிட்டது. மாற்றுவதைப் புது முளை விட்டு அதில் வேர் எட்டிப் பார்க்கிற நேரத்தில் செய்யுங்கள்.

தண்ணீர் விடுவது காலையில். பின்நேரம் விட்டு இலையின் இடுக்கில் தேங்கினால் இரவில் அழுகும், பெலனொப்சிஸின் நடுக் குருத்து இப்படித்தான் போகும். தடித்த இலை ஓர்கிட்டுகள் பகல் வெக்கையில் இலைத் துளைகளை மூடிவிட்டு, இரவில் திறந்துதான் கரியமில வாயுவை எடுக்கும். அதனால் இரவில் நல்ல காற்றோட்டம் தேவை. நாலு பக்கமும் பொலித்தீனால் மூடிக் "கூடு" கட்டுகிறவர்கள் செடியை அவித்துவிடுகிறார்கள். வாடை மழை விடாமல் பெய்யும் கார்த்திகை, மார்கழியில் மேலே மட்டும் ஒரு மறைப்புப் போட்டால் போதும், பக்கங்களைத் திறந்தே விடுங்கள்.

இப்போது பசளை. புதுத் தண்டு வளரும்போது 20-20-20 மாதிரி, நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம் மூன்றும் சமமாக உள்ள கரையும் பசளையோ, அல்பேர்ட் கரைசல் என்ற பசளைக் கலவையோ, ஒரு லீற்றர் தண்ணீருக்கு அரைக் கிராம் அளவு, கிழமைக்கு ஒருதரம். மாதத்துக்கு ஒருதரம் வெறும் தண்ணீரால் சாடியை நன்றாகக் கழுவி விடுங்கள். தண்டு முற்றியதும் பசளையைக் குறையுங்கள். நைதரசன் கூடினால் செடி பூவை மறந்து இலையும் குட்டியும் விடும், யூரியா பக்கமே போகவேண்டாம். இளநீர் ஊற்றினால் பூக்கும் என்று ஊரில் சொல்வார்கள். ஆய்வுகூடத்தில் ஓர்கிட் நாற்று வளர்க்கிற ஊடகத்தில் இளநீர் சேர்ப்பது உண்மைதான், அதில் கலங்களைப் பிரிந்து பெருகவைக்கும் ஹோர்மோன் இருக்குது. ஆனால் அது கிருமி நீக்கிய போத்தலுக்குள் நடக்கும் வேலை. சாடியில் ஊற்றினால் எறும்பும் பூஞ்சணமும்தான் வரும். இளநீரை நீங்கள் குடியுங்கள்.

டென்ட்ரோபியத்தில் பிடித்த காயை வெட்டிவிடலாம், அது செடியின் பலத்தை இழுக்கும். அதற்குள் தூசி மாதிரி இலட்சக்கணக்கில் விதை இருக்கும். ஆனால் முளைத்து வளரப் போதுமான சாப்பாடு விதைக்குள் கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சணம் வந்து விதைக்குள் புகுந்து சாப்பாடு கொடுத்தால்தான் முளைக்கும். இதை 1899இல் நோயல் பேர்னார் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார். பூஞ்சணம் இல்லாமல் சீனி கலந்த ஊடகத்தில் முளைக்க வைக்கலாம் என்று 1922இல் லூயிஸ் நட்சன் காட்டிய பிறகுதான் ஓர்கிட் சாதாரண மனிதர் வீட்டுக்கு வந்தது. அப்படி முளைக்கவைத்த நாற்றுக்கும் பூக்க மூன்று முதல் ஐந்து வருசம் வேண்டும்.

அடுத்து வாங்குவதாக இருந்தால் டென்ட்ரோபியம், மொக்காரா, நிலத்திலேயே வைக்கக்கூடிய ஸ்பதொக்லொட்டிஸ், இந்த மூன்றும் எங்கள் மண்ணுக்கு ஒத்துவரும். பூவோடு இருப்பதை விட, நல்ல வேரும் புது முளையும் இருப்பதைப் பார்த்து எடுங்கள். வறண்ட வலயக் காடுகளில் மரத்தில் தொற்றி நிற்கும் காட்டு வன்டாவை யாராவது கழற்றிக் கொண்டுவந்து விற்றால் வாங்காதீர்கள். காட்டு ஓர்கிட் பல சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. வேர் அறுந்து வந்தது பெரும்பாலும் பிழைக்கவும் மாட்டாது.

டென்ட்ரோபியத்தின் கணுவில் முளைத்த அந்தக் குட்டிச் செடியை இப்போது பிடுங்க வேண்டாம். வேர் இரண்டு அங்குலம் நீண்டதும், தாய்த் தண்டில் ஒரு துண்டோடு சேர்த்துச் சுத்தமான கத்தியால் வெட்டி, காயத்தில் கறுவாத் தூள் தொட்டு, கரி நிரப்பிய சின்னச் சாடியில் கட்டி வையுங்கள். கறுவாத் தூள் வேரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது வேரைக் காய வைத்துவிடும். குட்டி பூக்க ஒன்று இரண்டு வருசம் எடுக்கும். தாய்ச் செடியை இந்தக் கிழமையே வெளிச்சத்துக்கு நகர்த்தத் தொடங்கினால், அடுத்துவரும் தண்டு முற்றும்போது அது முந்திப் பூத்துவிடும்.